கோதாவிலிருந்து கூண்டுக்கு: இந்திய மல்யுத்தம் கடக்காத தூரம்

புதுதில்லி: எதிராளியைத் தரையில் சாய்த்து, அவர் மேலேறி இருக்கும் நிலையிலேயே ஒருவர் தோற்க முடியுமா? குஸ்திக் களத்தில் வளர்ந்த எவரும் முடியாது என்றே சொல்வார். ஆனால் 2021 டிசம்பர் 3-ஆம் தேதி சிங்கப்பூரில் ரிது போகாட்டுக்கு நேர்ந்தது அதுதான். ஹரியாணா மாநிலம் பலாலி கிராமத்தைச் சேர்ந்த அவர், ‘தங்கல்’ திரைப்படத்தின் வாயிலாக நாடறிந்த மல்யுத்தக் குடும்பத்தின் புதல்வி. ‘ஒன் சாம்பியன்ஷிப்’ நிறுவனம் நடத்திய மகளிர் தொடரின் இறுதிப் போட்டி அது. இரண்டாவது சுற்றில் தாய்லாந்தின் ஸ்டாம்ப் ஃபேர்டெக்ஸைக் கீழே தள்ளி மேலேறினார் ரிது. மல்லாந்து கிடந்த ஸ்டாம்ப், தம் கால்களை ரிதுவின் தோளுக்கு மேலாகச் சுற்றி, ஒரு கையைப் பிடித்து நீட்டி, முழங்கையை எதிர்த் திசையில் வளைத்தார். ஆட்டம் அத்துடன் முடிந்தது.

மூன்றாண்டுகள் கழித்து, 2025 மார்ச் 22-ஆம் தேதி லண்டனில் பூஜா தோமர், அயர்லாந்தின் ஷானா பேனனிடம் இரண்டாவது சுற்றில் தோற்றதும் இதே கைப்பூட்டில்தான். உத்தரப் பிரதேசத்தின் முசாபர்நகர் மாவட்டம் புதானாவில் பிறந்த பூஜா, 2024 ஜூனில் அமெரிக்காவின் லூயிவில் நகரில் பிரேசில் வீராங்கனை ஒருவரை வென்றவர். கலப்புத் தற்காப்புக் கலையில் உலகின் மிகப் பெரிய நிறுவனமான யு.எஃப்.சி.யின் களத்தில் வெற்றி பெற்ற முதல் இந்தியர் என்ற பெருமை அவருக்குக் கிடைத்தது. அவருக்கு முன்பே, 2017 நவம்பரில் ஷாங்காய் நகரில் அதே நிறுவனத்தின் களத்தில் இறங்கிய மகாராஷ்டிரத்தின் பரத் கண்டாரே, முதல் சுற்றிலேயே கழுத்துப் பூட்டில் சிக்கித் தோற்றார்.

இம்மூன்று தோல்விகளிலும் குத்துக்கோ உதைக்கோ தீர்மானமான பங்கில்லை. உத்தராகண்டின் அன்ஷுல் ஜூப்ளியைப்போல் குத்து வாங்கி வீழ்ந்தவர்களும் உண்டு என்பது உண்மையே. எனினும், மல்யுத்தத்தில் ஒலிம்பிக் பதக்கங்களைக் குவித்து வரும் ஒரு நாடு, மல்யுத்தத்தையே முதுகெலும்பாகக் கொண்ட இப்புதிய விளையாட்டில் ஏன் பின்தங்கி நிற்கிறது என்ற கேள்விக்கு விடை, அந்தக் கைப்பூட்டிலும் கழுத்துப் பூட்டிலும்தான் தொடங்குகிறது. விடையின் மறுபாதி, தில்லியின் அரசு அலுவலகங்களில் இருக்கிறது.

முதுகும் மண்ணும்

வடஇந்தியாவின் அகாடாக்களில் விடியற்காலையில் நடப்பவற்றைத் தமிழ் வாசகர்களுக்கு விளக்க அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை. தண்டால், பஸ்கி, கர்லாக் கட்டை, கோதா, பயில்வான் ஆகிய சொற்களெல்லாம் நம்மிடமும் புழங்கியவையே. மஞ்சள், கடுகெண்ணெய், மோர் கலந்து பதப்படுத்திய மண்ணை மண்வெட்டியால் கொத்திப் புரட்டுவதே ஓர் உடற்பயிற்சி. அதன்பின் நூற்றுக்கணக்கில் தண்டால், நூற்றுக்கணக்கில் பஸ்கி. பிறகு ஜோடி சேர்ந்து பிடிப் பயிற்சி. பால், நெய், பாதாம் என உணவும் ஒரு வைராக்கியத்துடன் கடைப்பிடிக்கப்படுகிறது.

கிராமத்துத் தங்கல்களில் விதி எளிமையானது. புள்ளிக் கணக்கு கிடையாது. முதுகு மண்ணில் பட்டால் தோல்வி. தோற்றவனை நாம் ‘மண்ணைக் கவ்வினான்’ என்கிறோம். வடநாட்டுக் கோதாவிலோ தோல்வி முகத்தால் அறியப்படுவதில்லை, முதுகால் அறியப்படுகிறது. ஒலிம்பிக் மல்யுத்தத்திலும் இரு தோள்களும் விரிப்பில் அழுத்தப்பட்டால் ஆட்டம் அந்த நொடியே முடிந்துவிடும். எனவே, முதுகு கீழே போகக்கூடாது என்பது பத்து வயதில் கோதாவில் இறங்கும் சிறுவனுக்கு எலும்பிலேயே எழுதப்பட்டுவிடுகிறது. விழ நேர்ந்தால் காற்றிலேயே திரும்பி வயிறு கீழாகக் குப்புற விழுகிறான். அதுவே அங்கே புத்திசாலித்தனம்.

கூண்டுக்குள் அதே புத்திசாலித்தனம் ஆபத்தாகிறது. குப்புற விழுந்தவன் எதிராளிக்குத் தன் முதுகைக் கொடுத்துவிடுகிறான். பின்னாலிருந்து கழுத்தை நெரிக்கும் பூட்டு, இவ்விளையாட்டில் மிக அதிக வெற்றிகளை ஈட்டித் தரும் பிடிகளுள் ஒன்று. கால்களைப் பிடிக்கத் தலையைத் தாழ்த்திப் பாய்வது மல்யுத்த வீரரின் முதல் ஆயுதம்; பயிற்சி பெற்ற எதிராளிக்கு அது நீட்டிக் கொடுக்கப்பட்ட கழுத்து. மேலேறி எதிராளியின் மார்பில் கைகளை ஊன்றி அழுத்துவது விரிப்பில் வெற்றிக்கு வழி. இங்கே அது நீட்டிக் கொடுக்கப்பட்ட கை. விரிப்பின் எல்லைக்கு வெளியே எதிராளியைத் தள்ளினால் மல்யுத்தத்தில் ஒரு புள்ளி கிடைக்கும். கூண்டுக்கு வெளியே என்று ஓரிடமே கிடையாது. கம்பிவலையில் சாய்ந்தபடி அவர் எழுந்து நின்று மீண்டும் தாக்குவார்.

பூஜா தோமர் தேர்ச்சி பெற்ற ஊஷூ கலையின் சண்டா பிரிவிலும் இதே குறைதான். குத்து, உதை, எறிதல் மூன்றும் அதில் உண்டு. ஆனால் விழுந்தவுடன் நடுவர் பிரித்து இருவரையும் நிற்க வைத்துவிடுவார். தரைக்குப் போன பிறகு சண்டையே இல்லை. இந்தியாவிலிருந்து கூண்டுக்குச் செல்லும் பலர், விழுதலோடு ஆட்டம் முடிகிற கலைகளிலிருந்தே வருகிறார்கள். அவர்களின் எதிராளிகள் கற்றது, விழுதலோடு ஆட்டம் தொடங்குகிற கலையை.

லண்டன், ரியோ, கராச்சி

அந்தக் கலையின் வரலாற்றில் நம் துணைக்கண்டமும் ஒரு முக்கியமான இடத்தில் குறுக்கிடுகிறது என்பது பலர் அறியாதது. 1910-இல் லண்டனுக்குச் சென்ற காமா பயில்வான், போலந்தின் ஸ்டானிஸ்லாவ் ஸ்பிஸ்கோவுடன் மோதினார். தோல்விக்கு அஞ்சிய ஸ்பிஸ்கோ இரண்டரை மணி நேரத்துக்கும் மேலாகக் குப்புறக் கிடந்தே தப்பித்தார். ஆட்டம் முடிவின்றிப் போயிற்று; ஒரு வாரம் கழித்து மறு ஆட்டத்துக்கு அவர் வரவே இல்லை. வெற்றிப் பட்டம் காமாவுக்கு வழங்கப்பட்டது. அடிமை நாட்டிலிருந்து சென்ற ஒருவர், ஆளும் நாட்டின் தலைநகரில் பெற்ற அவ்வெற்றி இங்கே எத்தகைய உணர்வை எழுப்பியிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 1928-இல் பட்டியாலாவில் இருவரும் மீண்டும் சந்தித்தபோது ஒரு நிமிடத்துக்குள்ளாகவே காமா அவரை மல்லாத்தினார். பிரிவினைக்குப் பின் பாகிஸ்தானில் வாழ்ந்த காமா, 1960-இல் லாகூரில் காலமானார்.

காமா லண்டனிலிருந்து திரும்பிய சில ஆண்டுகளில், 1914-இல், ஜப்பானிய ஜூடோ வீரர் மிட்சுயோ மயேதா பிரேசிலில் போய் இறங்கினார். அவரிடம் பயின்ற கார்லோஸ் கிரேசியும் அவருடைய தம்பி ஹீலியோவும் அக்கலையின் தரைப் பகுதியைத் தனியே எடுத்து வளர்த்தார்கள். மெலிந்த உடல்வாகு கொண்ட ஹீலியோவுக்குப் பலசாலிகளைத் தூக்கி எறிவது சாத்தியமில்லை. எனவே மல்லாந்து கிடப்பதையே ஆயுதமாக்கினார். கால்களால் எதிராளியின் இடுப்பை வளைத்துப் பிடித்துக்கொண்டு, அவருடைய கையோ கழுத்தோ எட்டும் வரை காத்திருப்பதே அவர் முறை. ‘பிரேசிலிய ஜியு-ஜிட்சு’ என்று உலகம் இன்று அழைப்பது இதைத்தான். எவரும் வந்து மோதலாம் என்று கிரேசி குடும்பத்தினர் பல்லாண்டுகளாக அறைகூவல் விடுத்து வந்தார்கள். 1951-இல் ரியோவின் மரக்கானா அரங்கில் ஜப்பானின் மசாஹிகோ கிமுரா, ஹீலியோவின் கையைப் பின்புறமாக முறுக்கி முறித்தபோதும் ஹீலியோ தோல்வியை ஒப்புக்கொள்ளவில்லை. அண்ணன்தான் துண்டை வீசி ஆட்டத்தை நிறுத்தினார். தோற்ற குடும்பமே அந்தப் பிடிக்கு வென்றவரின் பெயரைச் சூட்டியது. இன்றும் அது ‘கிமுரா’தான்.

இனி கராச்சி. காமாவின் தம்பி இமாம் பக்ஷின் மகன் அக்ரம் பயில்வான், 1976 டிசம்பரில் ஜப்பானின் அன்டோனியோ இனோகியுடன் மோதினார். அதே ஆண்டு ஜூனில் குத்துச்சண்டைச் சக்ரவர்த்தி முகமது அலியுடன் டோக்கியோவில் 15 சுற்றுகள் மோதி ஆட்டத்தைச் சமன் செய்திருந்தவர் இனோகி. கராச்சியில் அவர் அக்ரமின் கையைப் பூட்டி முறுக்கினார். அக்ரமும் தோல்வியை ஒப்புக்கொள்ளவில்லை. கை முறிந்தது.

துணைக்கண்டத்தின் தலைசிறந்த குஸ்திப் பரம்பரைக்கு, மூட்டுகளைப் பூட்டும் கலையின் முன்னால் ஏற்பட்ட அந்தத் தோல்வியை எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டவர் எல்லையின் இருபுறமும் அதிகமில்லை. அதை ஒரு குடும்பத்தின் மானப் பிரச்சினையாகவே பார்த்தார்கள். 1979-இல் அக்குடும்பத்தின் இளைஞர் ஜாரா, லாகூரில் இனோகியை எதிர்கொண்டதும் பழி தீர்க்கும் படலமாகவே கொண்டாடப்பட்டது.

சேவல் சண்டையிலிருந்து சந்தைக்கு

1993 நவம்பர் 12-ஆம் தேதி அமெரிக்காவின் டென்வர் நகரில் முதல் யு.எஃப்.சி. போட்டி நடந்தது. கடிப்பதும் கண்ணைத் தோண்டுவதும் கூடாது என்பதைத் தவிரப் பெரும்பாலும் தடையேதுமில்லை. எடைப் பிரிவும் இல்லை. ஹீலியோவின் மகன் ராய்ஸ் கிரேசி, தம்மைவிட உருவில் பெரியவர்களை ஒரே இரவில் மூன்று முறை வென்று பட்டம் பெற்றார். அமெரிக்கச் செனட் உறுப்பினர் ஜான் மெக்கைன் இதனை ‘மனிதச் சேவல் சண்டை’ என்று கண்டித்தார். பல மாநிலங்கள் தடை விதித்தன. அந்தக் கண்டனம்தான் ஒருவகையில் இவ்விளையாட்டைக் காப்பாற்றியது எனலாம். தடையிலிருந்து தப்பிக்க எடைப் பிரிவுகள், கையுறைகள், ஐந்து நிமிடச் சுற்றுகள், நீண்ட தவறுகள் பட்டியல், மருத்துவப் பரிசோதனை ஆகியவற்றை ஏற்க வேண்டியதாயிற்று. 2000, 2001-ஆம் ஆண்டுகளில் நியூஜெர்சி மாநில ஆணையத்தின் முன்முயற்சியில் பொது விதிகள் உருவாயின. 2001-இல் 20 லட்சம் டாலருக்குக் கைமாறிய நிறுவனம், 2016-இல் ஏறத்தாழ 400 கோடி டாலருக்கு விற்கப்பட்டது.

இதற்கிடையே மல்யுத்த வீரர்கள் பாடம் கற்றுக்கொண்டார்கள். 1992 ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காக ஆடிய மார்க் கோல்மன், தள்ளி மேலேறித் தாக்கும் முறையை 1996-இல் கொண்டு வந்தார். பூட்டுகளை எப்படித் தவிர்ப்பது என்று கற்றுக்கொண்ட மல்யுத்த வீரரே கூண்டில் அபாயமானவர் என்பது சில ஆண்டுகளில் நிறுவப்பட்டுவிட்டது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 55 கிலோ பிரிவில் தங்கம் வென்ற அமெரிக்காவின் ஹென்றி செஹுடோ, பத்தாண்டுகள் கழித்து யு.எஃப்.சி. பட்டம் வென்றார். அதே பெய்ஜிங்கில் நம் சுசில் குமார் 66 கிலோ பிரிவில் வெண்கலம் வென்றதை நாடே கொண்டாடியது.

தாகெஸ்தானின் வழி

ரஷியாவின் தென்கோடியில் உள்ள தாகெஸ்தான் குடியரசின் மக்கள்தொகை சுமார் 30 லட்சம். தில்லியின் ஒரு மூலையில் அடங்கிவிடும் எண்ணிக்கை. அங்கிருந்து வந்த ஹபீப் நுர்மகமதோவ், ஆடிய 29 ஆட்டங்களிலும் வென்று, தோல்வியே காணாமல் 2020-இல் ஓய்வு பெற்றார். அவருடைய தோழர் இஸ்லாம் மகாச்சேவ் 2022-இல் அதே பட்டத்தைக் கைப்பற்றினார். ஹரியாணாவைப்போலவே அங்கும் ஒவ்வொரு ஊரிலும் மல்யுத்தக் கூடம் உண்டு. சிறுவயதிலேயே பயிற்சி தொடங்கிவிடுகிறது. வறுமையிலிருந்து வெளியேறும் வாசலாகவும் அதுவே இருக்கிறது.

வேறுபாடு சோவியத் காலத்தில் விளைந்தது. ஜப்பானில் ஜூடோ பயின்ற வாசிலி ஒஷ்செப்கோவ் முதலானோர், பல்வேறு தேசிய இனங்களின் நாட்டுப்புற மல்யுத்தங்களை ஜூடோவுடன் இணைத்து உருவாக்கிய ‘சாம்போ’வை 1938-இல் சோவியத் அரசு அதிகாரபூர்வ விளையாட்டாக ஏற்றது. (ஜப்பானிய உளவாளி என்ற குற்றச்சாட்டில் 1937-இல் கைதான ஒஷ்செப்கோவ் அதைக் காணவில்லை, சிறையிலேயே இறந்தார்.) குத்து, உதை, எறிதல், பூட்டு அனைத்தும் கொண்ட அதன் போர்முறைப் பிரிவு ராணுவத்திலும் கற்பிக்கப்பட்டது. ஆகவே தாகெஸ்தான் இளைஞருக்கு மல்யுத்தத்திலிருந்து கூண்டுக்குச் செல்லப் பாலம் முன்பே கட்டப்பட்டிருந்தது. ஹபீபின் தந்தை அப்துல்மனாப், மல்யுத்தம், ஜூடோ, சாம்போ மூன்றும் அறிந்தவர். எதிராளியைக் கம்பிவலையோரம் சாய்த்து, அவர் கால்களைத் தம் கால்களால் பின்னிக் கட்டி, எழவிடாமல் செய்யும் தாகெஸ்தான் முறையில் மல்யுத்தம் அப்படியே இருக்கிறது. மாறியிருப்பது, விழுந்த பிறகு என்ன செய்வது என்பதற்கான விடை மட்டுமே.

நம் மண்ணின் உடல்வாகு இதற்கு ஒவ்வாது என்று வாதிடுவோர், அர்ஜன் புல்லரை நினைவுகூர வேண்டும். பஞ்சாபிக் குடும்பத்தில் கனடாவில் பிறந்த அவர், 2010-இல் இதே தில்லியில் நடைபெற்ற காமன்வெல்த் போட்டியில் கனடாவுக்காக மல்யுத்தத் தங்கம் வென்றார். பின்னர் கலிபோர்னியாவில், ஹபீப் பயின்ற அதே கூடத்தில் பயிற்சி பெற்று, 2021 மே மாதம் ‘ஒன் சாம்பியன்ஷிப்’ அதிகனப் பிரிவுப் பட்டத்தைக் கைப்பற்றினார்.

வேலையே பெரும் பதக்கம்

வடக்கு தில்லியில் பிர்லா ஆலையை ஒட்டி 1925-இல் தொடங்கப்பட்ட குரு ஹனுமான் அகாடா, மண் கோதாவின் கடைசிப் பேரரசு எனத்தக்கது. அங்கே உருவான சத்பால், 1982 தில்லி ஆசியப் போட்டியில் தங்கம் வென்றார். பின்னர் அவர் சத்ரசால் விளையாட்டரங்கில் உருவாக்கிய விரிப்புப் பயிற்சிக் கூடத்திலிருந்து சுசில் குமார், யோகேஷ்வர் தத், ரவி தஹியா, அமன் செராவத் என ஒலிம்பிக் பதக்க வீரர்கள் வரிசையாக வந்தார்கள். மண்ணிலிருந்து விரிப்புக்கு மாறுவது எளிதாக நடந்துவிடவில்லை. விரிப்பு நம் மரபையே அழித்துவிடும் என்று மூத்த பயில்வான்கள் எதிர்த்தார்கள். ஆனால் விரிப்பின் பின்னால் அரசு இருந்தது.

ஹரியாணா அரசு, ஒலிம்பிக் தங்கத்துக்கு 6 கோடி, வெள்ளிக்கு 4 கோடி, வெண்கலத்துக்கு இரண்டரைக் கோடி ரூபாய் அறிவித்தது. அது ஒலிம்பிக் வரை சென்ற ஒரு சிலருக்கு. தேசிய அளவில் மூன்றாம் இடம் பெற்றவருக்கும் ரயில்வேயிலோ காவல்துறையிலோ துணை ராணுவத்திலோ ஒரு வேலை கிடைக்கலாம் என்பதே சோனிபத், ரோத்தக், ஜஜ்ஜார் கிராமங்களில் தாய்மார்கள் போடும் கணக்கு. இரண்டு எருமைகளின் பாலை விற்காமல் பிள்ளைக்கே கொடுக்கும் குடும்பம், அதற்கு ஈடாக எதிர்பார்ப்பது புகழை அன்று. மாதச் சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும்தான். இதைப் பேராசை என்று யாரும் சொல்ல முடியாது.

இந்தக் கணக்கில் கூண்டுக்கு இடமே இல்லை. மத்திய அரசுப் பணிகளில் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கான பட்டியல், 2020-இல் 43 விளையாட்டுகளிலிருந்து 63 ஆக விரிவாக்கப்பட்டது. நம் மல்லர் கம்பம் அதில் இடம்பெற்றது, மகிழ்ச்சி. கயிறு இழுத்தல் இடம்பெற்றது. ஊஷூ, ஜப்பானின் கூடோ, இந்தோனேசியாவின் பென்சாக் சிலாட் ஆகிய சண்டைக் கலைகளும் இடம்பெற்றன. கலப்புத் தற்காப்புக் கலை இடம்பெறவில்லை. இந்நிலையில், மல்யுத்தத்தில் பதக்க வாய்ப்புள்ள இளைஞர் எவரும் இருபது வயதில் கூண்டுக்கு வரமாட்டார். விரிப்பில் வாய்ப்பை இழந்தபின், மூட்டுகள் தேய்ந்தபின், பழக்கங்கள் இறுகிய பின் வருபவரே அதிகம். பூட்டுகளைக் கற்க அது காலம் கடந்த வயது.

மும்பையின் வெளிச்சம், வெளிநாட்டின் பயிற்சி

அரசு ஒதுங்கி நின்ற இடத்தில் திரையுலகம் நுழைந்தது. 2012 மார்ச்சில் தொழிலதிபர் ராஜ் குந்த்ராவும் நடிகர் சஞ்சய் தத்தும் மும்பையில் ‘சூப்பர் ஃபைட் லீக்’ போட்டியைத் தொடங்கினார்கள். முதல் நிகழ்ச்சியின் தலையாய ஆட்டத்தில் மோதியவர்கள் அமெரிக்காவின் பாப் சாப்பும் பிரிட்டனின் ஜேம்ஸ் தாம்சனும். இந்திய வீரர்கள் அவர்களுக்கு முன்னோட்டமாகவே காட்டப்பட்டார்கள். ஆரவாரம் சில ஆண்டுகளில் அடங்கிற்று. 2019-இல் நடிகர் டைகர் ஷெராப்பின் குடும்பத்தினர் தொடங்கிய ‘மேட்ரிக்ஸ் ஃபைட் நைட்’ ஓரளவு நிலைத்தது. பூஜா தோமர் உருவானதில் அதற்குப் பங்குண்டு.

ஆனால் மேடை வேறு, பயிற்சி வேறு. ரிது போகாட் 2019-இல் சிங்கப்பூரிலுள்ள கூடத்துக்குச் சென்றார். பூஜா இந்தோனேசியாவின் பாலித் தீவில் பயிற்சி பெற்றார். காலையில் தாய்லாந்துக் குத்துச்சண்டை ஆசிரியர், மாலையில் ஜியு-ஜிட்சு ஆசிரியர், இடையில் கம்பிவலையோரப் பிடிப் பயிற்சி, இவை அனைத்தையும் ஒரே ஆட்டமாகக் கோக்கும் தலைமைப் பயிற்சியாளர் என்ற ஏற்பாடு தேவைப்படும் விளையாட்டு இது. இவையெல்லாம் ஒரே கூரையின் கீழ் அமைந்த இடங்கள் நம் நாட்டில் மிகக் குறைவு. தோல்வியை ஒப்புக்கொண்டு எதிராளியின் உடலில் இருமுறை தட்டுவதும்கூட இங்கே கற்க வேண்டிய ஒன்று. ஜியு-ஜிட்சுக் கூடத்தில் ஒரு மாணவர் ஒரு மாலையில் பத்து முறை தட்டுவார். அது அவமானமன்று, பாடம். அக்ரமின் கை முறிந்தது, தட்டுவதைக் கற்பிக்காத மரபினால்.

பொறுப்பேற்பவர் யார்?

2022 ஜூலையில் பெங்களூரில் நடந்த ஒரு கிக்பாக்சிங் போட்டியில் அடிபட்டு வீழ்ந்த மைசூர் இளைஞர் ஒருவர் மருத்துவமனையில் உயிரிழந்தார். களத்தில் முறையான மருத்துவ ஏற்பாடு இல்லை என்று குடும்பத்தினர் புகார் அளித்தார்கள். அமைப்பாளர்கள் மீது காவல்துறை வழக்குப் பதிவு செய்தது. அமெரிக்காவில் மாநில ஆணையத்தின் உரிமம் பெறாமல், மருத்துவர் இல்லாமல் இத்தகைய போட்டியை நடத்த இயலாது. பிரான்ஸ் நாடு நெடுங்காலம் கலப்புத் தற்காப்புக் கலைப் போட்டிகளுக்குத் தடை விதித்திருந்து, 2020-இல் குத்துச்சண்டைக் கூட்டமைப்பின் மேற்பார்வையில் அவற்றை அனுமதித்தது. நம் நாட்டிலோ தடையும் இல்லை, அனுமதிமுறையும் இல்லை. ‘தேசிய’ என்ற அடைமொழியைச் சூட்டிக்கொண்ட அமைப்புகள் ஒன்றுக்கு மேற்பட்டவை உள்ளன.

எடை குறைப்பு தனிக் கவலைக்குரியது. 2015 டிசம்பரில் மணிலாவில் ‘ஒன் சாம்பியன்ஷிப்’ போட்டிக்காக உடலின் நீரை வற்றவைத்து எடை குறைத்த 21 வயதுச் சீன வீரர் இறந்தார். அதன்பின் அந்நிறுவனம், உடலின் நீர்ச்சத்தைச் சோதித்த பிறகே எடையை ஏற்கும் முறையைக் கொண்டு வந்தது. 2024 ஆகஸ்ட் 7-ஆம் தேதி பாரிஸில் வினேஷ் போகாட் 100 கிராம் கூடுதல் எடையால் ஒலிம்பிக் இறுதிப் போட்டியை இழந்தபோது, முந்தைய இரவு முழுதும் அவருடைய உடல் என்ன பாடுபட்டது என்பதை நாடு முதன்முறையாகக் கேட்டறிந்தது. மல்யுத்தத்தில் போட்டி நாளன்று காலையில் எடை பார்க்கிறார்கள். கூண்டுப் போட்டிகளில் பெரும்பாலும் முந்தைய நாளே பார்த்துவிடுவதால், இன்னும் அதிகமாக வற்றவைக்கத் தூண்டுதல் உண்டு. மேற்பார்வையற்ற சிறு கூடங்களில் பதினேழு வயதுப் பையனுக்கு இதைக் கற்பிப்பவர் யார், எப்படிக் கற்பிக்கிறார் என்று கேட்பதற்கு ஓர் அதிகாரி இல்லை.

அப்படியானால் அங்கீகாரம் அளித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? அங்கீகாரம் பெற்ற கூட்டமைப்பின் கீழ் மல்யுத்த வீராங்கனைகள் பட்ட பாட்டை தில்லி மறந்துவிடவில்லை. பா.ஜ.க. மக்களவை உறுப்பினராகவும் கூட்டமைப்பின் தலைவராகவும் இருந்த பிரிஜ் பூஷண் சரண் சிங் மீது பாலியல் துன்புறுத்தல் புகார் கூறி, 2023 ஜனவரியிலும், பின்னர் ஏப்ரல் முதலும், வினேஷ் போகாட், சாக்‌ஷி மாலிக், பஜ்ரங் புனியா உள்ளிட்டோர் ஜந்தர் மந்தரில் அமர்ந்தார்கள். குற்றச்சாட்டுகளை அவர் மறுத்தார். மே 28-ஆம் தேதி, புதிய நாடாளுமன்றக் கட்டடம் திறக்கப்பட்ட அதே நாளில், அதை நோக்கி நடந்த வீராங்கனைகளைக் காவலர்கள் இழுத்துச் சென்று வாகனங்களில் ஏற்றினார்கள். ஜூனில் குற்றப்பத்திரிகை தாக்கலாயிற்று. சிறுமி ஒருவர் தொடர்பான தனி வழக்கை முடித்துக்கொள்ளும் காவல்துறையின் அறிக்கையை 2025 மே மாதம் தில்லி நீதிமன்றம் ஏற்றது. இதற்கிடையே, உரிய காலத்தில் தேர்தல் நடத்தாத கூட்டமைப்பை உலக மல்யுத்த அமைப்பு 2023 ஆகஸ்டில் இடைநீக்கம் செய்ததால், அவ்வாண்டு உலகப் போட்டியில் நம் வீரர்கள் தேசியக் கொடியின்றி ஆட நேர்ந்தது.

தனியார் நிறுவனங்களின் கூண்டிலும் வீரர்கள் சுதந்திரமாக இல்லை. அவர்கள் தொழிலாளர்களாகக் கருதப்படுவதில்லை; சுயேச்சை ஒப்பந்தக்காரர்கள். சங்கம் கிடையாது. ஏகபோகத்தைப் பயன்படுத்தி ஊதியத்தை அமுக்கியதாக யு.எஃப்.சி. மீது வீரர்கள் தொடுத்த வழக்கில், 37.5 கோடி டாலர் வழங்கும் உடன்பாட்டை அமெரிக்க நீதிமன்றம் 2025 பிப்ரவரியில் ஏற்றது. அதற்கு ஏறத்தாழ பத்தாண்டுகள் போராட வேண்டியிருந்தது.

2025 ஏப்ரலில் ஆசிய ஒலிம்பிக் குழு, ஜப்பானின் ஐச்சி-நகோயாவில் நடத்தும 2026 ஆசியப் போட்டியில் கலப்புத் தற்காப்புக் கலையைப் பதக்க விளையாட்டாகச் சேர்க்க முடிவு செய்தது. ஆசியப் பதக்கம் என்றால் அரசு திரும்பிப் பார்க்கும்; ஹரியாணாவின் தாய்மார்களும் கணக்கைத் திருத்துவார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம், எந்த விளையாட்டுக்கு எந்த அமைப்பை அங்கீகரிப்பது என்ற அதிகாரத்தைத் தேசிய விளையாட்டு வாரியத்திடம் ஒப்படைக்கிறது. வீரர்களின் பிரதிநிதித்துவமும், பெண்களுக்கும் சிறாருக்கும் பாதுகாப்புக் கொள்கையும் வேண்டும் என்கிறது. வழக்குகளுக்குத் தீர்ப்பாயம் ஒன்றையும் அமைக்கிறது. போட்டி நடத்த உரிமம், களத்தில் மருத்துவர், தலையில் அடிபட்டவருக்குக் கட்டாய ஓய்வு, எடை குறைப்புக்கு வரம்பு ஆகியவற்றை முதல் நிபந்தனைகளாக வைத்து அங்கீகாரம் அளிக்க அச்சட்டத்தில் தடையேதும் இல்லை. தங்கள் பெயருக்கு முன்னால் ‘தேசிய’ என்று எழுதிக்கொண்டவர்களில் அந்த நிபந்தனைகளை ஏற்பவர் யார் என்று முதலில் கேட்க வேண்டியது அந்த வாரியம்தான்.